ஏற்காட்டு வீட்டில் ஓ.டி.ஜி. போட்டாலே ஆர்.சி.சி.பி. விழுது. கழற்றிடலாம்னு சொல்றாங்க, செய்யலாமா?

மலைமேல்வீடு:

வணக்கம். அம்மாவும் அம்மாயியும் ஏற்காட்டில் இருக்காங்க. நான் சேலம் அம்மாபேட்டையில். ஆறு வருஷமா என்கிட்ட இருந்த 1600 வாட்ஸ் ஓ.டி.ஜி.யை (ரொட்டி, கேக் சுடற கரண்ட் அடுப்பு) மழைக்காலத் தொடக்கத்தில் அவங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே போட்டு நாலைஞ்சு நிமிஷத்தில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா அணையற சுவிட்ச்) விழுந்து வீடே இருட்டாகுது. வெயில் அடிச்ச ரெண்டு நாள் மட்டும் ஒழுங்கா ஓடுச்சு. கீழே அம்மாபேட்டையில் ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை. ஓ.டி.ஜி. ஓடாதப்பவும், மழை ராத்திரியில் ரெண்டு தடவை விழுந்துச்சு. பிரிட்ஜ் நின்னு, வச்சிருந்த மாவு முழுக்கப் புளிச்சுப்போச்சு.

வீட்டுக்குப் புது வயரிங் போட்டு மூணு வருஷம் ஆகுது. 40 ஆம்ப்ஸ் தாங்கற, 30 மில்லி ஆம்ப்ஸ் கசிஞ்சா விழற ஆர்.சி.சி.பி. ஒண்ணுதான், வீடு முழுக்க அதுதான். பார்க்க வந்த எலக்ட்ரீசியன் "மலையில இது சரிப்பட்டு வராதுங்க, கழற்றிட்டு நேரா குடுத்துடலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அம்மா ஈர சிமெண்ட் தரையில் வெறுங்காலோட நின்னு சமைப்பாங்க. எனக்கு மனசு ஒப்பலை.

இன்னொண்ணு, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் வாங்கித் தரலாம்னு இருக்கேன். இந்த நிலைமையில் வாங்கலாமா?

குகை தறிப்பட்டறை:

எங்க பட்டறையில் இதே தொல்லை இருந்துச்சு. 100 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. மாத்தினோம், அதுக்கப்புறம் விழவே இல்லை. நீங்களும் அதையே செஞ்சு பாருங்க.

கொண்டலாம்பட்டி வயர்மேன்:

அண்ணா, தறிப்பட்டறைக்கு அது சரி. வீட்டுச் சமையலறைக்கு வேண்டாம். ஆளைக் காப்பாத்தறதுக்குன்னு வச்சது 30 மில்லி. 100 மில்லி போடறது பெரும்பாலும் தீப்பிடிக்காம இருக்கத்தான். அது விழாமலே ஒரு மனுஷன் உடம்பு வழியா 60, 70 மில்லி ஓடிடும், நெஞ்சு நின்னுபோகும்.

அக்கா, நீங்க கழற்றாதீங்க. உங்க வீட்டுக்கு அது மத்தவங்க வீட்டைவிட அதிகமா வேணும். ஏன்னு சொல்றேன்.

சேர்வராயன் மலை முழுக்கக் கருங்கல் பாறை. மண்ணு மேலாக்கதான் இருக்கும். எர்த் குழி தோண்டினா சில இடத்தில் நாலடியிலேயே கடப்பாறை திரும்பிடும். அதனால எர்த் ரெசிஸ்டன்ஸ் (கரண்ட் மண்ணுக்குள்ள இறங்கறதுக்கு இருக்கிற தடை) கூடுதலா நிக்கும். 100 ஓம் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஓ.டி.ஜி. பாடியில் பேஸ் (கரண்ட் வர்ற வயர்) முட்டினா எர்த் வழியா ஓடறது 230-ஐ 100-ஆல் வகுத்தா 2.3 ஆம்ப்ஸ். சி வகை 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. (லோடு கூடினா, ஷார்ட் ஆனா அணையற சுவிட்ச்) சட்டுனு விழ 80-லிருந்து 160 ஆம்ப்ஸ் வேணும். 2.3-க்கு அது கண்ணையே திறக்காது. பாடியில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நின்னுட்டே இருக்கும், அம்மா தொடற வரைக்கும். ஆர்.சி.சி.பி.க்கு 0.03 ஆம்ப்ஸே போதும். எர்த் சரியில்லாத வீட்டில் அதைக் கழற்றினா காவலுக்கு ஒண்ணுமே மிஞ்சாது.

இப்போ சில கேள்வி. அம்மாபேட்டை வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கா? ஓ.டி.ஜி.யை எந்த பிளக்கில் போட்டீங்க? எப்பவாவது தொட்டா சுர்ருனு இருந்துச்சா?

மலைமேல்வீடு:

ஆர்.சி.சி.பி. இல்லைங்க, பழைய வீடு. பெரிய பின்னுக்கு கன்வெர்ட்டர் மாட்டி சின்ன பிளக்கில் போட்டேன். அந்த பிளக் லேசாக் கருத்திருக்கு. நீங்க கேட்டப்புறம்தான் ஞாபகம் வருது, மழை நாளில் கதவைத் தொட்டா சுர்ருனு இருக்கும். கை ஈரமா இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

கொண்டலாம்பட்டி வயர்மேன்:

அப்போ அது கீழேயே கசிஞ்சிட்டுதான் இருந்திருக்கு, சொல்ல அங்கே ஆளில்லை. 1600 வாட்ஸ்னா 7 ஆம்ப்ஸ், அதை 6 ஆம்ப்ஸ் பிளக்கில் ஓட்டியிருக்கீங்க, கருக்காம என்ன செய்யும்? அந்த பாயிண்டில் எர்த் வயரும் வரலைன்னு நினைக்கிறேன். அந்த கன்வெர்ட்டரை இன்னைக்கே தூக்கிப் போடுங்க.

வெயில்ல ஓடி மழையில விழறதுக்குக் காரணம் ஹீட்டர் ராடுக்குள்ள இருக்கு. ராடு குழாய்க்குள்ள சுருள் கம்பி, அதைச் சுத்தி இறுக்கி அடைச்ச வெள்ளைப் பொடி, மெக்னீசியம் ஆக்ஸைடு. நம்ம சுண்ணாம்புக் கரட்டில் வெட்டற வெள்ளைக்கல் இருக்கே, மேக்னசைட், அதைச் சுட்டா கிடைக்கிறது இதேதான். சூட்டை நல்லாக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. ஆனா ஈரத்தை இழுக்கும். ராடு முனையில் இருக்கிற அடைப்பு பழசாகி விரிஞ்சா, மாசக்கணக்கா மூடுபனியில் சும்மா வச்சிருந்தா போதும், பொடி நனைஞ்சு கசிவு ஆரம்பிச்சிடும். சூடாகும்போது உள்ள ஈரம் நகர்ந்து கசிவு முதல்ல இன்னும் கூடும். அதான் போட்டவுடனே விழாம நாலைஞ்சு நிமிஷம் கழிச்சு விழுது.

ராத்திரி விழறது வேற கதை. அதுக்கு எல்லா பிளக்கையும் உருவி வச்சுப் பாருங்க. சுவிட்சை அணைச்சா போதாது, சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் (கரண்ட் திரும்பற வயர்) தொட்டுக்கிட்டே இருக்கும். நியூட்ரல் எர்த்தில் முட்டியிருந்தா அணைச்ச சாமானும் ஆர்.சி.சி.பி.யை விழவைக்கும். எல்லாம் உருவியும் விழுந்தா குத்தம் வயரிங்கில், முக்கியமா வெளி லைட்டில்.

அஸ்தம்பட்டி அடுக்களை:

தங்கச்சி, இண்டக்‌ஷன் பத்தி நான் சொல்றேன். 2000 வாட்ஸ் அடுப்பு 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். தனியா ஒரு 16 ஆம்ப்ஸ் பாயிண்ட், டி.பி.யிலிருந்து (எம்.சி.பி. எல்லாம் இருக்கிற பெட்டி) நேரா 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் வேணும். மிக்ஸி பாயிண்டிலிருந்து இழுத்துத் தருவாங்க, ஒத்துக்காதீங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகவே ஆகாது. பாயிண்ட் சிங்குக்குப் பக்கத்திலும் வேண்டாம், அடுப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம், ஆவி போய் அடையும்.

மலைக்கு இண்டக்‌ஷன் நல்லதுதான். ஓ.டி.ஜி. மாதிரி ஈரம் குடிக்கிற ராடு அதில் இல்லை. ஆனா அம்மாயியோட பித்தளைப் பாத்திரமும் அலுமினியச் சட்டியும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுதான்னு அடியில் வச்சுப் பார்த்து, ஒட்டற பாத்திரம் நாலு சேர்த்து வாங்குங்க. ஊருக்கே கரண்ட் போற மழை நாளில் அது நிக்கும். கேஸ் அடுப்பை எடுத்துடாதீங்க.

குகை தறிப்பட்டறை:

தம்பி, நான் பட்டறை கணக்கை வீட்டுக்குச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு என் பேச்சைக் கேட்டு மாத்தியிருந்தா என்னாகியிருக்கும்! என் வீட்டிலும் பார்க்கச் சொல்லியிருக்கேன்.

மலைமேல்வீடு (பன்னிரண்டு நாள் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன், இதே தொல்லை உள்ளவங்களுக்கு உதவும்.

எல்லா பிளக்கையும் உருவி வச்சோம். மூணாவது ராத்திரி நல்ல மழை, அப்பவும் விழுந்துச்சு. வேற வயர்மேனைக் கூட்டிட்டுப் போனேன். பின் தாழ்வார லைட்டோட ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தா உள்ளே தண்ணி, எறும்புப் புத்து, டேப் சுத்தின ஜாயிண்ட் பச்சை பூத்துக் கிடக்கு. மூடி போட்ட பாக்ஸ் மாத்தி, ஜாயிண்டைக் கனெக்டரில் போட்டார். அதுக்கப்புறம் ராத்திரி விழலை.

ஓ.டி.ஜி.யை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கீழே கொண்டுவந்தேன். ரிப்பேர் கடையில் 500 வோல்ட் மெக்கர் (கசிவுத் தடை அளக்கற மீட்டர், எண் கூடுதலா வந்தா நல்லது) வச்சா 0.01 மெகா ஓம். 23 மில்லி ஆம்ப்ஸ் கசிவுன்னு கணக்குப் போட்டுக் காட்டினார், சூடாகும்போது அது இன்னும் கூடும். கீழ் ராடு முனை துருப்பிடிச்சிருந்துச்சு, அதை மாத்தினார். மேல் ராடைக் காயவைச்சு அளந்தா 20 மெகா ஓமுக்கு மேல வந்துடுச்சு. இப்போ மலையில் பனி மூடின காலையிலும் ஓடுது, ரொட்டி சுட்டாச்சு.

எர்த்தை மீட்டர் வச்சு அளந்தப்போ 90 ஓம். நீங்க 100-னு சொன்னதைப் படிச்சப்போ பெருக்கிச் சொல்றீங்கன்னு நினைச்சேன், மன்னிச்சிடுங்க. ஒரே குழியை ஆழப்படுத்த முடியலை, பாறை. என்ன செய்யலாம்?

கொண்டலாம்பட்டி வயர்மேன்:

ஆழம் போக முடியலைன்னா அகலம் போங்க. மண்ணு இருக்கிற பக்கமா, முதல் குழியிலிருந்து ஒரு பத்தடி தள்ளி இன்னும் ரெண்டு குழி போட்டு, மூணையும் ஜி.ஐ. பட்டையால (துத்தநாகம் பூசின இரும்புப் பட்டை) சேர்த்துடுங்க. பாத்ரூம் தண்ணி கசியற பக்கம் ஈரம் நிக்கும், அங்கே ஒண்ணு போட்டா நல்லது. கோடையில், மண்ணு காய்ஞ்சிருக்கும்போது மறுபடி அளங்க. மழையில் அளந்த கணக்கு நம்மளை ஏமாத்திடும்.

டி.பி.யில் இடமிருந்தா சமையலறைக்குத் தனி ஆர்.சி.சி.பி. போட்டுடுங்க, அதுவும் 30 மில்லிதான். பிரிட்ஜை மத்த பக்கம் விடுங்க. அடுப்பங்கரையில் ஒண்ணு விழுந்தா அம்மா இருட்டில் தடவிக்கிட்டு நிக்க வேண்டியதில்லை, மாவும் புளிக்காது. மாசம் ஒருதரம் ஆர்.சி.சி.பி.யில் இருக்கிற டி (டெஸ்ட்) பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்க. அழுத்தி விழலைன்னா அன்னைக்கே மாத்திடணும்.

மலைமேல்வீடு:

ஞாயித்துக்கிழமை குழி வெட்ட ஆள் சொல்லியாச்சுங்கண்ணா. டி பட்டன் அம்மாயி வேலை, அமாவாசைக்கு அமாவாசை அழுத்தறதா சொல்லியிருக்காங்க. அம்மாபேட்டை வீட்டு டி.பி.க்கும் ஒரு 30 மில்லி வாங்கி வச்சிருக்கேன், இந்த வாரம் மாட்டறாங்க.