1952 லண்டன் ஆய்வகம், ஒரு நாயகி: எக்ஸ் கதிர்ப் படம் ஒரே இரவில் கிடைக்குமா?

கைப்பிரதி:
எழுதிவரும் நாவலின் களம் 1951–53 லண்டன். நாயகி டி.என்.ஏ. இழைகளை எக்ஸ் கதிரால் படமெடுப்பவள். அந்தக் காலத்தில் அதே வேலையைச் செய்த விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் சாயல் உண்டு, ஆனால் அவரே அல்ல. எட்டாம் அத்தியாயத்தில் துறைத்தலைவரோடு மோதிவிட்டு ஆய்வகத்துக்குள் போகிறாள். விடிவதற்குள் படம் கையில். பார்த்த மாத்திரத்தில் டி.என்.ஏ.வின் அமைப்பு சுருள் என்று தெரிந்துவிடுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்களா? பெண் என்பதால் அவளுக்கு வந்த தடைகளும் வேண்டும், காட்சியாக எழுதும்படி.

இருட்டறை:
சிரிப்பார்கள். ஃபிராங்க்ளினின் ஆய்வில் 1952 மே மாதத்தில் எடுத்த புகழ்பெற்ற 51ஆம் எண் டி.என்.ஏ. படத்துக்குச் சுமார் 62 மணி நேரம் கதிர் பாய்ச்ச வேண்டியிருந்தது. இழை அவ்வளவு மெலிசு, அதில் பட்டுச் சிதறும் கதிர் சொற்பம்.

உங்கள் அத்தியாயத்தின் உயிர் ஈரப்பதத்தில் இருக்கிறது. சுமார் 75% ஈரப்பதத்தில் இழை 'ஏ' வடிவில் இருக்கும், 92%ஐத் தாண்டினால் 'பி'. கேமராவுக்குள் காற்று இருந்தால் அதுவே கதிரைச் சிதறடித்து ஃபிலிமில் மூட்டம் போடும். அதனால் ஹைட்ரஜனை உள்ளே விடுவார்கள். அந்த ஹைட்ரஜனை முதலில் உப்புக் கரைசலில் குமிழிவிட்டு அனுப்பினால் ஈரப்பதமும் கைக்குள் வரும். சமையல் உப்பின் தெவிட்டிய கரைசல் 75% தரும், பொட்டாசியம் நைட்ரேட் 93% வரை.

கெடுவது இங்கேதான். எங்காவது வாயு கசிந்தால் ஈரப்பதம் இறங்கும், இழையின் ஒரு பகுதி 'ஏ'வுக்குத் திரும்பும். இரண்டு வடிவங்களும் ஒரே ஃபிலிமில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும். அது மூன்றாம் நாள் ஃபிலிமைக் கழுவும்போதுதான் தெரியும். போதாததற்கு, 'பி'க்கு மாறுகையில் இழை நீண்டு மெலியும். (1950இல், ஃபிராங்க்ளின் பிறகு வேலைபார்த்த லண்டன் கிங்ஸ் கல்லூரியில், ஆய்வாளர் வில்கின்ஸும் ஆய்வு மாணவர் கோஸ்லிங்கும் கேமராவின் கசிவை அடைக்க ஆணுறையைப் பயன்படுத்தினார்கள். இதை நீங்கள் கற்பனையாக எழுதியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.)

பட்டைக்கணக்கு:
"பார்த்த மாத்திரத்தில் சுருள்" என்பதையும் எடுத்துவிடுங்கள். 'பி' படத்தில் புள்ளிகள் எக்ஸ் எழுத்துப்போல் குறுக்காக விழும். சுருளைக் காட்டுவது அதுதான். ஃபிராங்க்ளின் மெனக்கெட்டதோ 'ஏ' படங்களில். அவற்றில் கூர்மையான புள்ளிகள் ஏராளம், அளக்க அளக்கத் தகவல் கிடைக்கும். ஆனால் சுருள் கண்ணுக்குத் தெரியாது. 1952 ஜூலையில் அவரும் கோஸ்லிங்கும் 'படிக டி.என்.ஏ. சுருள் காலமானது' என்று கறுப்புக் கரையிட்ட கேலி அட்டையே எழுதினார்கள்.

புள்ளிகளிலிருந்து அமைப்பைக் கண்டறியும் கணக்கும் கையால்தான். பீவர்ஸ்–லிப்சன் பட்டைகள் என்று பெயர்: சைன், கொசைன் மதிப்புகள் அச்சிட்ட அட்டைத் துண்டுகள், பெட்டி பெட்டியாக. ஒவ்வொரு புள்ளியின் செறிவுக்கும் உரிய பட்டையை எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, பத்தி பத்தியாகக் கூட்ட வேண்டும். ஒரு பட்டை பெட்டியில் இடம்மாறிப் போனால் அடுத்த கணக்கு முழுக்கத் தப்பு, அதைக் கண்டுபிடிக்கவும் நாளாகும். நாயகி தப்பாக முடிவு கட்டுவதற்கும் இடம் வையுங்கள்.

பழைய பதிவேடு:
தடைகள் பற்றி. கேம்பிரிட்ஜில் 1941இல் தேறிய பெண்ணுக்குப் பெயரளவுப் பட்டம்தான். முழு உரிமை 1948இல்தான் வந்தது. ராயல் சொசைட்டி பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1945இல். கிங்ஸ் கல்லூரியில் ஆண்களுக்கு மட்டுமான சாப்பாட்டு அறை தனியாக இருந்தது. துறைப் பேச்சு பாதி மேசையில்தானே நடக்கும்? காட்சிக்கு அந்தக் கதவு போதும்.

ஆனால் எல்லா ஆணையும் வில்லனாக்காதீர்கள். அங்கே துறைத்தலைவராக இருந்த ராண்டலின் கீழ் வேறு பெண் ஆய்வாளர்களும் வேலை செய்தார்கள். சண்டையின் வேர் ஒரு கடிதம். டி.என்.ஏ. எக்ஸ் கதிர் வேலை நீங்களும் கோஸ்லிங்கும் மட்டுமே என்று 1950 டிசம்பரில் ராண்டல் ஃபிராங்க்ளினுக்கு எழுதினார். வில்கின்ஸுக்கு அதைச் சொல்லவில்லை. அவரோ ஃபிராங்க்ளின் தன் குழுவுக்கு வருவதாக நினைத்தார். இருவரும் தத்தம் பக்கம் நியாயம் என்றே நம்பினார்கள்.

கைப்பிரதி:
அப்படியானால் மோதல் காட்சியையே தூக்கிவிடவா?

இருட்டறை:
வேண்டாம், மோதல் நடக்கும் கிழமையை மாற்றுங்கள். வெள்ளி மாலை 6 மணிக்கு மோதல், உடனே கேமராவை ஓட்டிவிடுகிறாள். 62 மணி நேரம் என்றால் திங்கள் காலை 8. நடுவில் இரண்டு நாளும் குமிழி நிற்கிறதா, எக்ஸ் கதிர்க் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஃபிலிமைக் கழுவி, ஈரம் சொட்ட வெளிச்சத்தில் பிடிக்கிற நேரத்துக்குத் துறைத்தலைவரும் வேலைக்கு வந்துவிடுவார்.