அக்ரிலிக்கில் முருகன் படம்: சிஎன்சி தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குத் தைப்பூசத்துக்கு முன் ஒரு வேலை. 5 மிமீ தெளிவான அக்ரிலிக்கில் மயில்மேல் முருகனைச் செதுக்கி, அடியில் எல்இடி பட்டை வைத்து ஒளிரவிட வேண்டும்.

மெஷின் சின்ன 3018 (கணினி சொன்னபடி செதுக்கும் சிஎன்சி), பிட் (செதுக்கும் முனை) 60 பாகை வி-பிட். கோடு வெள்ளையாக விழாமல் ஓரம் உருகி, பிட்டிலேயே சுற்றிக்கொள்கிறது. கடையில் காஸ்ட் (அச்சில் வார்த்த ஷீட்) என்றுதான் கொடுத்தார்கள். எனக்கென்னவோ எக்ஸ்ட்ரூடட் (உருக்கித் தள்ளி எடுத்த ஷீட்) என்று சந்தேகம். அதுதானே சூட்டில் சீக்கிரம் இளகும்? மேல்தாள் உரித்த ஷீட்டில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) வேகத்தைக் குறைப்பதா, ஃபீடை (பிட் நகர்ந்து போகும் வேகத்தை) கூட்டுவதா?

பின்பக்கம் செதுக்குவதால் படத்தை இடவலம் திருப்பிவிட்டேன். இல்லாவிட்டால் வேல் கை மாறிவிடும், பூசாரி விடமாட்டார்! மயில் தோகை கோட்டிலேயே வந்துவிடும். முகத்துக்குத்தான் யோசனை வேண்டும்: புள்ளிபுள்ளியாகப் போடலாமா, ஆழத்தை மாற்றி நிழல் காட்டலாமா?

நீல டையோடு லேசர் வேண்டாம், அதன் ஒளி தெளிவான ஷீட்டில் செதுக்காமல் ஊடுருவிப் போய்விடும். ஸ்பிரிட்டால் துடைக்கவும் சொல்லாதீர்கள், மயிரிழை விரிசல் விடும். ஈப்போவில் நல்ல காஸ்ட் ஷீட் துண்டாகக் கிடைக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.