ராத்திரி ரத்தம் எடுக்க வந்தவர்கள்: பள்ளிக்கூடத்து மருத்துவப் பரிசோதனை, உங்கள் அனுபவம்?

குடந்தைக்காரன்:
யானைக்கால் நோய்க் கிருமி ரத்தத்தில் ராத்திரியில்தான் தெரியும், அதனால் யானைக்கால் ஆபீஸ்காரர்கள் ராத்திரியில்தான் வருவார்கள் என்று நம் பக்கம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1974, ஒன்பதாம் வகுப்பு, கும்பகோணத்தில் ஒரு பள்ளி விடுதி. பத்தரை மணிக்கு எழுப்பி, தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். ஒருவர் பெயர் கேட்டு எழுதுவார், இன்னொருவர் விரலில் குத்தி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவுவார். தூக்கக் கலக்கத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். பக்கத்துப் பாய்க்காரன் என் கையைப் பிடித்தான். "எம் பேரச் சொல்லி நீ இன்னொரு தடவ குடுத்துடுடா. அக்காவப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க." அவன் அம்மாவுக்கு ஏற்கெனவே கால் வீக்கம். நான் சட்டையை மாற்றிக்கொண்டு போய், அவன் பெயரைச் சொல்லி, இடது கையை நீட்டினேன். குத்தியவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடிதான். அப்புறம் குத்திவிட்டார்.

2003இல் மயிலாடுதுறை பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். வேட்டியைத் தழையக் கட்டியிருந்தான். இடது கால். இரண்டு விரலில் குத்து வாங்கிய அந்த ராத்திரி இன்னும் என்னை விடவில்லை.

திருத்துறைப்பூண்டிப் பெண்:
எங்களுக்கு வந்தது தொழுநோய்ப் பரிசோதனை. 1979, எட்டாம் வகுப்பு. பெண் பிள்ளைகளைத் தனி அறையில் வைத்து ஓர் அக்கா பார்த்தார். தேமல் மாதிரி இருந்தால் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொடுவார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும்.

எனக்கு முன்னால் நின்றவள் என் பெஞ்சுக்காரி. முழங்கைக்கு மேலே காசு அளவு வெளுப்பு. பேனா அதன் மேலேயே இருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அக்கா, இன்னும் தொடவே இல்லையே" என்றாள்.

மாத்திரை கொடுத்தார்கள். பள்ளிக்கு வரலாம், யாருக்கும் ஒட்டாது என்று அந்த அக்கா டீச்சரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. மறுநாள் மத்தியானம் நான் என் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேறு பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. அரைப் பரீட்சைக்கு அவள் வரவில்லை.

ஓய்வு பெற்ற ஊழியன்:
தம்பி குடந்தைக்காரன், நானும் அந்த ராத்திரி வேலை பார்த்தவன்தான். கதவில் சாய்ந்து தூங்கிய ஒரு பையனுக்குக் குத்தினேன், அவன் விழிக்கவே இல்லை. அந்தப் பிஞ்சு விரல் மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது.

உங்கள் நண்பர் கால் வீங்கியதற்கு நீங்கள்தான் காரணம் என்று நினைப்பது சரியில்லை. ரத்தத்தில் கிருமி தெரிகிறவர்களில் பலருக்குக் கால் வீங்காது. கால் வீங்கியவர்களில் பலருக்கு ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. அன்று அவரே கொடுத்திருந்தாலும் என்ன வந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரை கிடைத்திருந்தாலும், சாக்கடைக் கொசு மறுபடி கடித்தால் மறுபடி தொற்றும். அறியாமையால்தான் ஜனங்கள் எங்களைக் கண்டு ஒளிந்தார்கள்.

இப்போது அவருக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தினமும் காலையும் ராத்திரியும் சோப்புப் போட்டு, பச்சைத் தண்ணீரில் மெதுவாகக் கழுவ வேண்டும், தேய்க்கக் கூடாது. விரல் இடுக்கில் ஈரம் நிற்கவே கூடாது, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சேற்றுப்புண், வெடிப்பு இருந்தால் உடனே மருந்து. அந்த வழியாகத்தான் காய்ச்சலும் நெறி கட்டுவதும் வருகிறது, ஒவ்வொரு தடவையும் வீக்கம் கூடுகிறது. உட்காரும்போது காலை உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். இறுக்காத செருப்பு. இதை விடாமல் செய்து நன்றாக நடமாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீர்காழி வாசி:
ஐயா, அறியாமை என்று சொல்லிவிட்டீர்கள். எங்கள் பள்ளியில், 1983இல், ரத்தத்தில் கிருமி இருந்தவர்கள் பெயரைக் காலை வழிபாட்டில் மைக்கில் வாசித்தார்கள். நாலு பெயர், மூன்றாவது என்னுடையது. மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் குனிந்து என் காலைப் பார்த்தார்கள். இரண்டு காலும் ஒரே மாதிரிதான் இருந்தன. நானும் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மாத்திரை 12 நாள். முதல் நாளே காய்ச்சலும் தலைவலியும். கிருமி சாகும்போது அப்படித்தான் வரும் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விஷம் கொடுத்துவிட்டார்கள் என்று பாட்டி அழுதார். மிச்சத்தை அடிபம்புக்குப் பின்னால் புதைத்தேன். ஒளிந்தவர்களைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்த மைக்கை நினைத்துப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற ஊழியன்:
பெயரை வாசித்தது தப்பு. பட்டியலைப் பள்ளியில் கொடுத்துவிட்டு நாங்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவோம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

குடந்தைக்காரன்:
ஐயா சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன், அவன் முகவரியை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் விடுதியிலும் பெயர் வாசிப்பார்கள் என்று முதல் வருஷமே பேச்சு இருந்தது. அதற்குத்தான் பயந்தான். அவன் அக்கா கல்யாணம் அந்த ஆவணியில் நடந்தது. நானும் போனேன். பந்தியில் அவன்தான் எனக்கு இலை போட்டான்.