மகளின் வேட்டைப்பல் அண்ணத்துக்குள்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. மேல் வேட்டைப்பல் (வெட்டும்பற்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கூரான பல்) 11, 12 வயதில் வந்திருக்க வேண்டும். இடது பக்கத்தில் இன்னும் பாற்பல்தான் நிற்கிறது, அதுவும் ஆடவில்லை. எக்ஸ்றே எடுத்துப் பார்த்தால், நிரந்தரப் பல் அண்ணப் பக்கமாகச் சரிந்து பக்கத்து வெட்டும்பல்லின் வேரை முட்டிக்கொண்டிருக்கிறது. விரலை வைத்தால் சின்ன மேடு ஒன்று தட்டுப்படுகிறது.

ஓரிடத்தில் பார்த்ததுமே "அந்த நிரந்தரப் பல்லைக் கழற்றிவிடுவோம்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாயிலேயே நீளமான வேர் உள்ள பல் அது. இன்னொரு டொக்டர், முரசை (ஈறை) வெட்டிப் பல்லைத் திறந்து, அதில் சின்னச் சங்கிலி ஒட்டி, கம்பி போட்டு மெல்ல மெல்ல இறக்கலாம் என்கிறார். பக்கத்து வேர் கரைகிறதா என்று பார்க்க முதலில் முப்பரிமாண ஸ்கேன் வேண்டுமாம். பல் இறங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாமாம்.

வோர்ட் பிளேஸ் பல் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு இதைச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள்? சங்கிலி கழன்று மறுபடி வெட்ட வேண்டி வந்ததா? அப்புறம், முதல் வாரம் என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள்?

இப்போதெல்லாம் அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். ஓ லெவல் சோதனைக்கு முன் முடித்துவிட ஆசை.