கலப்புத் தொற்றா, மரபணு மறுசேர்க்கையா? காக்கட்டூ மாதிரிகள் குறித்து உதவி தேவை

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கடந்த குளிர்காலத்தில் சேகரித்த மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ, ரெயின்போ லோரிகீட் ஆகிய கிளி இனங்களின் இறகு மாதிரிகளில் அலகு-இறகு நோய் வைரஸின் மரபணு வேறுபாட்டை ஆராய்ந்து வருகிறேன். இறகு உதிர்வும் உருக்குலைந்த இறகுகளும் கொண்ட பறவைகள் அவை. வைரஸ் பெருகுவதற்கான புரதத்தைத் தரும் ரெப் மரபணுவின் 717 கார இணைகள் கொண்ட பகுதி பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் முறை) தெளிவாகக் கிடைக்கிறது. ஆனால் வைரஸின் புற உறைப் புரதத்தைத் தரும் கேப் மரபணுவின் வரிசையை சாங்கர் முறையில் வாசிக்கும்போது சில காக்கட்டூ மாதிரிகளில் பல இடங்களில் இரட்டை உச்சிகள் (ஒரே இடத்தில் இரு வேறு எழுத்துகளின் சமிக்ஞைகள்) தோன்றுகின்றன. இரு மரபணுக்களின் பரிணாம மரங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

டிஎன்ஏவை மீண்டும் பிரித்தெடுத்தேன், பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகளான பிரைமர்களை மாற்றினேன், அவை டிஎன்ஏவுடன் ஒட்டும் வெப்பநிலையை உயர்த்தியும் பார்த்தேன். எதிர்மறைக் கட்டுப்பாடுகள் (வைரஸ் டிஎன்ஏ சேர்க்காத ஒப்பீட்டுச் சோதனைகள்) தூய்மையாகவே உள்ளன. சுமார் 2,000 நியூக்ளியோடைடுகள் கொண்ட இந்த வட்ட வடிவ மரபணுத்தொகுதியை ஃபை29 பாலிமரேஸ் என்னும் நொதி கொண்டு சுழல்வட்ட முறையில் பெருக்கியபோதும் அதே இரட்டை உச்சிகள்தான் வந்தன. இவ்வைரஸில் மறுசேர்க்கை (இரு வகைகளின் மரபணுப் பகுதிகள் இணைந்து புதிய வகை உருவாவது) இயல்பானது என்றாலும், ஒரே பறவையில் இரு வகைகள் கலந்திருக்கும்போது பிசிஆரே போலிக் கலப்பினங்களை உருவாக்கிவிடக்கூடும் என்பதால், மறுசேர்க்கை என்று எழுத எனக்குத் துணிவில்லை.

டிஎன்ஏ மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும் இந்நிலையில், சுழல்வட்டப் பெருக்கத்தின் விளைபொருளை ஒரே இடத்தில் வெட்டும் நொதியால் துண்டித்து நகலாக்கம் (ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியே பிரித்துப் பெருக்குதல்) செய்வதா, நீண்ட டிஎன்ஏ இழைகளை வாசிக்கும் நானோபோர் மூலம் முழுநீளமாக வாசிப்பதா, எது இரு மரபணுத்தொகுதிகளையும் நம்பகமாகப் பிரித்துக் காட்டும்?