ஓடும் கேஸ் லைனில் புதுக் கிளை: கசிவுச் சோதனையில் நான் பார்த்தவை

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கேஸ் லைனில் ஒரு கிளை சேர்க்கும்போது, புதுக் குழாயைச் சோதிப்பதில் பெரும்பாலும் யாரும் குறை வைப்பதில்லை. பழையதும் புதியதும் சேரும் அந்த ஒரு ஜாயின்ட்டில்தான் கோட்டை விடுகிறார்கள். ஆலைகளில் குழாய் வேலையின் தரம் பார்ப்பது என் தொழில். அதில் நேரில் பார்த்த சிலவற்றை எழுதுகிறேன்.

முதலில் வால்வு சமாச்சாரம். ஓர் ஆலையில் புது பர்னருக்காக இயற்கை எரிவாயு ஹெடரிலிருந்து, அதாவது முதன்மைக் குழாயிலிருந்து, கிளை இழுத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே மூடிய ஒற்றை பால் வால்வு, அவ்வளவுதான். ஒப்பந்ததாரரின் ஆட்கள் முந்தைய நாள் மாலையே காற்றை ஏற்றிச் சோதனையை முடித்து, காற்றை இறக்கி, வென்ட்டை (காற்றை வெளியே விடும் வழி) மூடிவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் நான் தாள்களைச் சரிபார்க்கப் போனபோது, பூஜ்யத்தில் படுத்திருக்க வேண்டிய கேஜ் முள் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. "புது வால்வு சார், சர்டிஃபிகேட் இருக்கு" என்றார் சூப்பர்வைசர். வென்ட்டை லேசாகத் திறந்து டிடெக்டரைக் காட்டினோம், உடனே அலறியது. வால்வு பாஸ் ஆகிக்கொண்டிருந்தது, அதாவது மூடியிருந்தும் ஒழுகிக்கொண்டிருந்தது. காற்று இருந்த குழாய்க்குள் ராத்திரி முழுக்க எரிவாயு கசிந்து சேர்ந்திருக்கிறது. இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான்; காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் இருந்தால் தீப்பிடிக்கும். அந்த எல்லைக்குள்ளேதான் அது எங்கோ நின்றிருக்கும்.

இதற்காகவே என்எஃப்பிஏ 54 எனும் அமெரிக்க எரிவாயுக் குழாய் விதி, ஒரு பக்கம் எரிவாயுவும் மறுபக்கம் சோதனை வாயுவும் இருக்க, நடுவில் ஒற்றை வால்வைத் தடுப்பாக வைக்கக் கூடாது என்கிறது. இரண்டு வால்வுகளை மூடி நடுவில் பிளீடு (ஒழுகும் வாயுவை வெளியே விடும் வழி) திறந்து வைத்திருந்தால் சரி. இல்லையென்றால் பிளைண்ட் (குழாயை முழுக்க அடைக்கும் தகடு) போட வேண்டும். அன்றைக்கு கிளையை நைட்ரஜனால் பர்ஜ் செய்து (உள்ளே இருந்த வாயுவைத் தள்ளி வெளியேற்றி), ஹெடரை நிறுத்திக் காலியாக்கி, ஃபிளாஞ்சுக்கு (போல்ட் போட்டு இணைக்கும் குழாய் விளிம்புகள்) நடுவே ஸ்பேடு எனும் அடைப்புத் தகட்டைச் செருகி, சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்ய வைத்தோம். உற்பத்தி நின்றதில் ஆலைக்காரர்களுக்குக் கோபம்தான். ஆனாலும் அந்த கேஜைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

அடுத்தது, அழுத்தம் குறைந்தால் வரும் வாக்குவாதம். இன்னொரு வேலையில் திறந்தவெளியில் ஓடும் லைனில் 7 பார் நைட்ரஜன் நின்றது. வெயில் தாழ்ந்ததும் முள் மெதுவாக இறங்கியது. ஒரு தரப்பு "கசிவு" என்றது, இன்னொரு தரப்பு "குளிர்ச்சி" என்றது. இதில் கத்துவதற்கு ஒன்றுமே இல்லை, கணக்குப் போட்டால் போதும். 7 பார் கேஜ் என்றால் முழு அழுத்தம் சுமார் 8 பார். வாயுவின் வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 3 டிகிரி குறைந்தால் அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 0.08 பார் குறையும். அதற்கு மேல் குறைந்தால்தான் கசிவைத் தேட வேண்டும். குழாயின் மேல் வெப்பமானியை ஒட்டி, நேரத்தோடு சேர்த்து அளவை எழுதி வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அந்தத் தாளில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம்கூட இல்லை. மில்லிபார் கணக்கில் சோதிக்கும் குறைந்த அழுத்த லைன் என்றால் வளிமண்டல அழுத்தம் மாறுவதுகூட முள்ளில் தெரியும். அதையும் குறித்து வைக்க வேண்டும்.

இப்போது அந்த ஜாயின்ட்டுக்கு வருகிறேன். ஸ்பேடை எடுத்துவிட்டு கேஸ்கெட் மாற்றி போல்ட்டை முறுக்கும் ஃபிளாஞ்ச் எந்த பிரஷர் டெஸ்ட்டையும் பார்த்திருக்காது. "லைன் முழுக்க பாஸ்" என்று கையெழுத்துப் போட்ட பிறகு உருவாகும் இணைப்பு அது. என்எஃப்பிஏ 54 இங்கே நடைமுறையோடு பேசுகிறது: புதுக் கிளையை மட்டும் அழுத்தச் சோதனை செய்தால் போதும், ஆனால் பழையதோடு சேரும் இணைப்பை அரிக்காத கசிவறி திரவத்தாலோ அங்கீகரித்த வேறு முறையாலோ சோதித்தே ஆக வேண்டும். பிராசஸ் பைப்பிங்குக்கான (ஆலைகளின் உற்பத்திக் குழாய்கள்) ஏஎஸ்எம்இ பி31.3 எனும் அமெரிக்க விதியில், தனித்தனியே சோதித்து முடித்த இரண்டு பகுதிகளைச் சேர்க்கும் கடைசி வெல்டுக்கு கசிவுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. நம் ஆட்கள் கோல்டன் ஜாயின்ட் என்பது அதைத்தான். வெல்டிங் நடக்கும்போதே பரிசோதிக்க வேண்டும், முழு ரேடியோகிராபியிலோ (ஊடுகதிர்ப் படம்) அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனையிலோ தேற வேண்டும் என்பது அந்த விலக்கின் விலை. விலக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு நிபந்தனையை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய பகுதி எப்போது, எந்த அழுத்தத்தில் சோதிக்கப்பட்டது என்ற தாளே இல்லாமல் "இரண்டும் சோதித்தது" என்று எப்படி எழுத முடியும்?

கசிவு இல்லை என்பது வேறு, தாங்கும் என்பது வேறு. 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் 28 பேரைப் பலிவாங்கிய வெடிப்பு, ரியாக்டர்களுக்கு நடுவே அவசரமாகப் போட்ட 20 அங்குல பைபாஸ் குழாயில் தொடங்கியது. அந்தக் குழாயையும் கசிவுக்குச் சோதித்துத்தான் இருந்தார்கள். ஆனால் சோதித்தது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 9 கிலோ அழுத்தத்தில், சேஃப்டி வால்வு திறக்கும் அழுத்தமோ 11 கிலோ. மாற்றியமைத்த லைனுக்கு டெஸ்ட் அழுத்தம் முடிவு செய்யும் கூட்டங்களில் இதை நான் தவறாமல் சொல்வேன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தத்தை ஏற்றவும் முடியாது. கேஸ் லைனில் தண்ணீர் விட்டால் ஈரம் நிற்கும், பழைய சப்போர்ட்டுகள் எடை தாங்காமலும் போகலாம். அதனால் நியூமேட்டிக் சோதனைக்கு, அதாவது தண்ணீருக்குப் பதில் வாயுவை ஏற்றிச் சோதிப்பதற்குப் போகிறோம். 6 அங்குலக் குழாய் 50 மீட்டர் என்றால் கொள்ளளவு ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 7 பார் காற்று நின்றால், அடைபட்டிருக்கும் சக்தி ஏறக்குறைய 200 கிராம் டிஎன்டி. பி31.3 தண்ணீருக்கு வடிவமைப்பு அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு கேட்கிறது, வாயுவுக்குக் குறைந்தது 1.1 மடங்கு. முதலில் 170 கிலோபாஸ்கலுக்குள் நிறுத்தி ஒருமுறை பார், அப்புறம் படிப்படியாக ஏற்று, ரிலீஃப் வால்வு இல்லாமல் தொடாதே என்றும் சொல்கிறது. அந்த நேரத்தில் ஃபிளாஞ்சுக்கு நேரே முகத்தை வைத்து "சத்தம் வருதா" என்று கேட்கிற ஆட்களை நான் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். முழு டெஸ்ட் அழுத்தத்தில் யாரும் கிட்டே போகக் கூடாது. அதை வடிவமைப்பு அழுத்தத்துக்கு இறக்கிய பிறகுதான் சோப்பு நீர் வேலை.

சோப்பு என்றால் எந்தச் சோப்பும் ஆகாது. அம்மோனியா கலந்தது பித்தளை ஃபிட்டிங்கில் விரிசல் உண்டாக்கும், குளோரைடு உள்ளது ஸ்டெயின்லெஸுக்கு ஆகாது. ஆக்சிஜன் லைனில் எண்ணெய்ப் பசை இருந்தால் தீ. ஆக்சிஜனுக்கு ஏற்றது என்று குறித்த திரவத்தைத்தான் தொட வேண்டும். ஆக்சிஜனையே சோதனை வாயுவாக விடுவதை எங்கே பார்த்தாலும் உடனே நிறுத்துங்கள்.

கேஸ் விடும்போது வாசனையை நம்ப வேண்டாம். கசிவு தெரிய எரிவாயுவில் கலக்கும் வாசனைப் பொருளைப் புது இரும்புக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். 2009-இல் அமெரிக்காவின் கார்னரில் ஓர் உணவு ஆலையில், புது வாட்டர் ஹீட்டருக்கான லைனிலிருந்து காற்றை வெளியேற்றும்போது எரிவாயு கட்டடத்துக்குள்ளேயே சேர்ந்து வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். பர்ஜ் செய்யும் வாயு வெளியே பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும், அது வெளியேறும் குழாய் முனையில் டிடெக்டர் இருக்க வேண்டும். வேலை அழுத்தம் வந்ததும் பழையதோடு சேரும் அந்த டை-இன் ஃபிளாஞ்சில் திரவத்தை விட்டு, சுற்றிலும் கீழ்ப்பக்கத்தையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நான் கண்ட குமிழிகளில் பாதிக்கு மேல் கீழ்ப்பக்கத்தில்தான் வந்தன. அந்த ஜாயின்ட் எண்ணைத் தனி வரியாக எழுதாத டெஸ்ட் தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.