எக்ஸ்ட்ராஆர்டினரி டிரான்சிஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

முதுகலை இயற்பியல் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். காந்தப் பொருள் கியூரி வெப்பநிலையை (அதற்கு மேலே போனால் காந்தத்தன்மை போய்விடும்) நெருங்கும்போது அதன் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்பதே பாடம். பெயர்கள்தான் தகராறு. உட்பகுதியும் மேற்பரப்பும் ஒரே வெப்பநிலையில் ஒழுங்குக்கு வந்தால், அதாவது அணுக்காந்தங்கள் ஒரே திசையில் அணிவகுத்தால், அந்த டிரான்சிஷன் (நிலைமாற்றம்) ஆர்டினரி. மேற்பரப்பு அணுக்களுக்கிடையே இணைப்பு போதிய வலுவோடு இருந்தால், குளிரும்போது மேற்பரப்பு மட்டும் முந்திக்கொள்ளும், அது சர்ஃபேஸ். பிறகு இன்னும் குளிர்ந்து உட்பகுதி ஒழுங்காவது எக்ஸ்ட்ராஆர்டினரி. இவை சந்திக்கும் இடம் ஸ்பெஷல். 'அசாதாரண மாற்றம்' என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ விபரீதம் நடந்த மாதிரி இருக்கிறது.

----

> அசாதாரண மாற்றம்

சாதாரணம் வடசொல், வேண்டாம். ஆர்டினரிக்கு 'இயல்பு மாற்றம்', மற்றதற்கு 'இயல்பிறந்த மாற்றம்'. இறத்தல் என்றால் கடத்தல். இறந்தகாலம் அப்படி வந்ததுதானே. மேற்பரப்பு, உட்பகுதி என்று நீட்டவும் வேண்டாம், புறம், அகம் போதும். தொல்காப்பியர் ஏழு அகத்திணைக்கும் ஏழு புறத்திணையை இணை காட்டியிருக்கிறார். அப்புறம், 'மாற்றம்' என்பதற்குப் பழைய பொருள் சொல், மறுமொழி. 'திரிபு' என்றால் என்ன?

----

ஐயா, 'இயல்பிறந்த' என்று போட்டால் என் மாணவர்கள் செத்துப்போன மாற்றம் என்றுதான் படிப்பார்கள். புறம் என்பது பொருளுக்கு வெளியே இருப்பதையும் குறிக்கும். இங்கே பேசுவது பொருளின் கடைசி அடுக்கைப் பற்றி. எளிய கனசதுரப் படிகத்தில் உள்ளே இருக்கும் அணுவுக்கு 6 அண்டை அணுக்கள், மேற்பரப்பில் 5. ஆர்டினரி வகையில் மேற்பரப்பின் காந்தமாக்கம் சீக்கிரம் சரிவது இந்தக் குறையால்தான். கியூரி வெப்பநிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்ற பின்னத்தை ஓர் அடுக்கு எண்ணுக்கு (எக்ஸ்போனென்ட்) உயர்த்தினால் காந்தமாக்கம் கிடைக்கும். முப்பரிமாண ஐசிங் மாதிரியில் (ஒவ்வொரு அணுக்காந்தமும் மேலே அல்லது கீழே மட்டும் நோக்கும் எளிய கணித மாதிரி) உட்பகுதியின் அடுக்கு எண் சுமார் 0.326, மேற்பரப்புக்கு சுமார் 0.8. கியூரி வெப்பநிலைக்கு 1 சதவீதம் கீழே வைத்துக் கணக்குப் போடுங்கள். முன்னால் வரும் கெழுக்களை விட்டால், உள்ளே 0.22, மேற்பரப்பில் 0.025. கிட்டத்தட்ட 9 மடங்கு வித்தியாசம்!

----

இதைப் படித்ததும் இலக்கணத்தில் இரு சொற்கள் சேரும் புணர்ச்சிதான் நினைவுக்கு வந்தது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் மாறும், சொல்லின் நடு பெரும்பாலும் அசையாது. அங்கேயும் இயல்பு, விகாரம் என்று இரண்டு. ஆகவே 'விகார மாற்றம்'?

----

விகாரமும் வடசொல்தான். நன்னூலார் எடுத்தாண்டதால் தமிழாகிவிடாது.

----

இலக்கணம் ஒருபுறம் இருக்கட்டும். 'இயல்பு' இங்கே உதவாது. நார்மல் டிரான்சிஷன் என்று இன்னொன்றும் இருக்கிறது: இணைப்பு வலுவாக இல்லாவிட்டாலும், மேற்பரப்பில் காந்தப்புலம் செலுத்தி அதை ஒழுங்காக வைத்திருக்கும்போது உட்பகுதி மாறுவது. மாறுநிலைப் பண்பில் (மாறும் வெப்பநிலையை ஒட்டி நடந்துகொள்ளும் விதத்தில்) அது எக்ஸ்ட்ராஆர்டினரியோடு ஒரே வகை. ஆர்டினரியை இயல்பு என்றால் நார்மலுக்கு எங்கே போவது? ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்வோம்: இரண்டும் சேர்ந்து மாறினால் உடன்மாற்றம், மேற்பரப்பு முந்தினால் முன்மாற்றம், உட்பகுதி பிந்தினால் பின்மாற்றம், ஸ்பெஷலுக்குச் சந்திமாற்றம்.

----

அழகாக இருக்கிறது, ஆனால் மாணவர் நாளைக்கு ஆய்வுக்கட்டுரையைத் திறந்தால் எது எதுவென்று தெரியாமல் முழிப்பார். இன்னொரு சிக்கலும் உண்டு. காடோலினியம் என்ற உலோகத்தின் கியூரி வெப்பநிலை சுமார் 293 கெல்வின். அதன் மேற்பரப்பு அதற்கும் மேலே ஒழுங்காக இருக்கிறது என்று 1980களில் அளந்து சொன்னார்கள். 2000இல் வந்த அளவீடு, இல்லை, ஆர்டினரிதான் என்றது. முந்துவதா சேர்வதா என்பதே வழக்கில் இருக்கும்போது அதையே பெயராக வைப்பதா?

----

பெயர் வைப்பது மாற்றத்தின் வகைக்குத்தான், உலோகத்துக்கு இல்லையே! காடோலினியம் எந்த வகை என்பது வேறு கேள்வி.

----

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லாததால் 'வழமை மாற்றம்', 'வழமைமீறிய மாற்றம்' என்று போட்டு, பக்கத்தில் ஒலிபெயர்ப்பும் தருகிறேன். நால்வர் சரி என்றார்கள். நார்மலுக்கு இப்போதைக்கு 'நார்மல்'.

----

பின்மாற்றத்தை விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அடிக்குறிப்பிலாவது போடுங்கள். ஸ்பெஷலுக்கு என்ன எழுதினீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை.